சிவப்பு பதினேழு

பட்டினச்சேரி
10 பிப்ரவரி 2025

பேத்தி சிவப்ரியாவுக்கு அம்மாச்சி காசியம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நீ பெங்களூரில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்கு முட்டிவலி. மற்றபடி உயிரோடு இருக்கிறேன்.

போனில் பேசினால் நீ அழுகிறாய், பேச்சு அதோடு நின்றுபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருந்தாலும் படித்துவிடலாம். நீயும் எழுத்தில்தான் பதில் போடவேண்டும்.

உன் மாமன் மருதையனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று நான் சீட்டில் எழுதி வைக்கவில்லை. எனக்கு எழுதி வைக்கத் தேவையில்லை. வராதவர்களில் முதல் பெயர் உன்னுடையது.

பொங்கலுக்கு வந்தபோது நீ சொல்லிவிட்டுப் போன வேலையை முடித்துவிட்டேன். தை எட்டாம் தேதி நீங்கள் நம்பர் எழுதிக் கடலில் போட்ட சாயத் தேங்காய்களைக் கேட்டு வீடு வீடாகப் போனேன். நம் கரையில் ஆறு ஒதுங்கியிருக்கிறது. அதில் இரண்டை, யாரோ வேண்டுதலுக்குக் கடலில் விட்டது என்று கோயிலில் வைத்து மஞ்சள் தடவிவிட்டார்கள். நம்பர் தெரியவில்லை. பூசாரி கழுவ விடமாட்டேன் என்கிறார். வாஞ்சூரில் சுல்தான் பீவி ஒன்றை உடைத்துக் குழம்பு வைத்துவிட்டாள். "நம்பர் போட்டிருந்துச்சா, ரேஷன்ல குடுக்குற தேங்கான்னு நெனச்சேன் காசியம்மா" என்றாள். மட்டையைக் கொடுத்தாள். சிவப்பு 9.

சிவப்பு 17 என்னிடம் இருக்கிறது. அதை யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. உங்கப்பாவின் விசைப்படகிலிருந்து விழுந்த மருதையன், நான்காம் நாள் வெள்ளிக்கிழமை காலை நாகூர்க் கரையில் ஒதுங்கிக் கிடந்தபோது அவன் காலடியில் கிடந்தது.

அவன் விழுந்தது கரையிலிருந்து பன்னிரண்டு மைலில் என்று உங்கப்பா சொன்னார். அறுபது பைபர் படகு அங்கே போய்த் தேடியது. அதே நாள் காலையில் நீங்கள் தேங்காய் போட்டீர்கள். சிவப்பை எத்தனை மைலில் போட்டீர்கள்? இது ஒன்றுதான் எனக்குத் தெரியவேண்டும்.

குளிரில் தலைக்குக் குளிக்காதே.

உன் அம்மாச்சி
காசியம்மா


பெங்களூர்
27 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மாச்சிக்கு, சிவப்ரியா வணக்கத்துடன் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். முட்டிக்கு வாங்கிக் கொடுத்த தைலத்தைத் தடவுகிறீர்களா? அடுப்படியில் உட்கார்ந்து எழுந்திருப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் விவரங்களுக்கு மிகவும் நன்றி. நீங்கள் செய்த உதவி எவ்வளவு பெரியது என்று சொல்கிறேன். கரையில் ஒதுங்கும் செத்த ஆமைகளை எங்கள் ஆட்கள் தினமும் காலையில் நடந்து எண்ணுகிறார்கள். ஒரே ஆமையை மறுநாள் திரும்ப எண்ணிவிடக்கூடாது என்பதற்காக முதுகில் சாயக்கோடு போடுகிறோம். ஆனால் கடலில் சாகிற ஆமை எல்லாம் கரைக்கு வருவதில்லை. நீரோட்டம் சிலதைக் கொண்டுபோய்விடும். எத்தனையில் ஒன்று கரைக்கு வருகிறது என்று தெரிந்தால்தான், வந்ததை வைத்து வராததைக் கணக்கிட முடியும். அதற்குத்தான் தேங்காய். மூன்று தூரம், மூன்று நிறம், நிறத்துக்கு இருபது.

மஞ்சள் தடவியவற்றைக் கழுவச் சொல்லிச் சண்டை போடவேண்டாம். நம்பர் தெரியவில்லை என்று எழுதிக்கொள்கிறேன். சுல்தான் பீவியின் மட்டையும் கணக்கில் சேரும்.

வேலை முடியும்வரை விவரங்களை வெளியே சொல்லக்கூடாது என்று எங்கள் ஹரிஹரன் சார் சொல்லியிருக்கிறார். மாமா காரியத்துக்கு வரமுடியாமல் போனதற்கு என்னை மன்னிக்கவேண்டும்.

வெயில் ஏறும் முன் மீன் விற்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள் பேத்தி
சிவப்ரியா


பட்டினச்சேரி
6 மார்ச் 2025

பேத்தி சிவப்ரியாவுக்கு அம்மாச்சி எழுதுவது. நீ சுகம் என்று எழுதியதைப் படித்தேன். நானும் அப்படியே.

கடிதத்தில் ஒரு பக்கம் முழுக்க ஆமை இருந்தது. நான் கேட்டது இல்லை.

உங்கப்பா தெட்சிணாமூர்த்தி என் மகள் சொர்ணத்தைக் கட்டி முப்பது வருஷம் ஆகிறது. 1999 ஆவணியில் உனக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மருதையன் புதுவேட்டி கட்டிக்கொண்டு காத்திருந்தான். உன்னைத் தூக்கித் தன் அண்ணன் மடியில் வைத்தார் உங்கப்பா. மருதையன் எழுந்து போய்ப் பந்தி பரிமாறினான். அவன் மறந்துவிட்டான். பிறகு அவர் படகிலேயே வேலைக்கும் போனான். நான் மறக்கவில்லை.

ஆனால் அதற்காகக் கேட்கிறேன் என்று நினைக்காதே. அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பகல் பதினொன்றரைக்கு உங்கப்பா போன் போட்டார். துறைமுகத்தில் எல்லாரும் கூடி, "எந்த இடம், எத்தனை மைலு?" என்று கேட்டார்கள். "காரைக்கால்மேட்டுக்கு நேர் கெழக்க, பன்னெண்டு மைலு, ஒம்பதரைக்கு விழுந்தான்" என்றார். காரைக்கால்மேட்டு ஆட்களும் நம் ஆட்களும் அங்கே போனார்கள். மூன்று நாள் டீசல் எரித்தார்கள். கரையோரத்தில் ஒருவர்கூடத் தேடவில்லை.

ஆமை வரும் மாதங்களில் விசைப்படகு கரையோரம் இழுவலை போடக்கூடாது, பிடித்தால் படகைக் கட்டிப்போடுவார்கள் என்பது உனக்கும் தெரியும், உங்கப்பாவுக்கும் தெரியும். கிட்டத்தில் விழுந்தவனைத் தூரத்தில் விழுந்தான் என்று சொன்னாரா, இல்லையா? மருதையன் நீச்சல் தெரிந்தவன்.

நான் இன்னும் யார் பெயரையும் சொல்லவில்லை. நிறத்தின் தூரத்தைக் கேட்கிறேன். உங்கள் சாரிடம் கேட்டுக்கொண்டு எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மாச்சி
காசியம்மா


பெங்களூர்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மாச்சிக்கு வணக்கம். இங்கே எனக்கு ஒரு வாரம் காய்ச்சல், இப்போது சரியாகிவிட்டது. உங்கள் கண்ணுக்குச் சொட்டு மருந்து தீர்ந்திருக்கும். அம்மாவிடம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிவப்பு இரண்டு மைல். மஞ்சள் ஐந்து. வெள்ளை பன்னிரண்டு.

இருபது சிவப்பில் பதினான்கு கரைக்கு வந்தது. மஞ்சளில் நான்கு. வெள்ளையில் ஒன்றுகூட வரவில்லை.

ஆனால் இதை வைத்து மாமா விழுந்த இடத்தைச் சொல்லிவிட முடியாது. தேங்காய் மேலே மிதக்கிறது, காற்று தள்ளுகிறது. மனிதர் முதலில் முங்கிவிடுவார், அடியில் இருக்கும் நீரோட்டம் வேறு. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மேலே வருவார். தேங்காயும் மாமாவும் ஒரே இடத்தில் ஒதுங்கியது தற்செயலாக இருக்கலாம். இப்படி ஒன்றை வைத்து முடிவு செய்யக்கூடாது என்றுதான் எங்களுக்குப் படிப்பிலேயே சொல்லித் தருகிறார்கள்.

தயவுசெய்து அப்பாவிடம் இதைப் பற்றிப் பேசவேண்டாம். அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்ரியா


பட்டினச்சேரி
11 ஏப்ரல் 2025

பேத்திக்கு அம்மாச்சி எழுதுவது. காய்ச்சல் விட்டது கேட்டு ஆறுதல். மிளகு ரசம் வைத்துக் குடி. சொட்டு மருந்தை நானே வாங்கிக்கொண்டேன்.

மனிதர் முங்கிவிடுவார் என்று எழுதியிருக்கிறாய். இதுவரை யாரிடமும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன்.

மருதையன் முங்கவில்லை. அவன் இடுப்பில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் இருந்தது, வலைக்கு மிதவையாகக் கட்டுவார்களே அது. சட்டையைக் கழற்றி, சட்டையின் ஒரு கையைக் கேன் காதில் நுழைத்து, இடுப்பைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டிருந்தான். சாகிறவனால் அப்படி முடிச்சுப் போட முடியாது. வெயில் பட்டு நெற்றியும் தோளும் தோல் உரிந்திருந்தது. ஒரு நாள் வெயிலா, இரண்டு நாள் வெயிலா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போலீஸ் வரும்முன் நான் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டேன். பிள்ளையை மாட்டைக் கட்டினமாதிரி நாலு பேர் பார்க்கவேண்டாம் என்று அந்த நேரத்தில் தோன்றியது. அது என் பிழை. கேனை அலை கொண்டுபோய்விட்டது.

ஆகவே உன் தேங்காய்மாதிரிதான் அவனும் மேலேயே மிதந்து வந்தான். இப்போது உன் படிப்பு என்ன சொல்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை உங்கப்பா மருதையன் படத்துக்குச் சட்டம் போட்டு எடுத்து வந்தார். ஆணி அடிக்கும்போது கேட்டேன்.

"மாப்பிள்ள, எத்தன மைலுன்னு சொன்னீங்க?"

"பதினொன்னு இருக்கும் அத்த."

"அன்னிக்குப் பன்னெண்டுன்னீங்க."

"கடல்ல என்ன அத்த கல்லா நட்டு வச்சிருக்கு?"

"ஒங்க போட்டுல மைலு காட்டுற பெட்டி இருக்குன்னு சொர்ணம் சொன்னாளே."

"அது ரிப்பேரு."

ஆணி வளைந்துவிட்டது. இன்னொரு ஆணி கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். படம் இன்னும் தரையில்தான் சாய்ந்திருக்கிறது.

பதில் போடு. சுகமாக இரு.

அம்மாச்சி


பட்டினச்சேரி
22 ஜூன் 2025

சிவப்ரியாவுக்கு அம்மாச்சி. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டியது என் கடமை, கேட்டுவிட்டேன்.

பத்து வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து உங்கப்பாவின் படகு புதுச்சாயம் அடித்துக் கடலுக்குப் போய்விட்டது. ஆடி கழிந்ததும் ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டச் சொல்லப்போகிறேன்.

இத்தனை நாள் தேங்காயைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கேட்கவேண்டியதை விட்டுவிட்டேன். அந்தச் சிவப்பைக் கடலில் போட்டது நீ. அன்று காலை அந்த இடத்தில் நீ இருந்தாய்.

என்ன பார்த்தாய்?

காசியம்மா


பெங்களூர்
14 ஜூலை 2025

அம்மாச்சிக்கு வணக்கம். நீங்கள் நலமாக இருக்கவேண்டும்.

இந்தக் கடிதத்தை ஒன்பது முறை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

தேங்காய் போடும் பயணத்திலேயே இரண்டு எண்ணிக்கையும் எடுப்போம். தண்ணீருக்கு மேல் தலை நீட்டும் ஆமைகளை எண்ணுவோம். இழுவலை போடும் படகுகளை எண்ணி, பெயரையும் நம்பரையும் எழுதுவோம். ஹரிஹரன் சார் வலப்பக்கம், நான் இடப்பக்கம். படகோட்டி வெளியூர்க்காரர், இங்கே யார் படகு எது என்று அவருக்குத் தெரியாது.

காலை ஆறு நாற்பதுக்கு இரண்டு மைலில் சிவப்பைப் போட்டோம். என் பக்கத்தில் அப்பாவின் படகு இழுவலை இழுத்துக்கொண்டிருந்தது. மாமா படகின் முன்பக்கம், அணியத்தில் நின்றார். என்னை அடையாளம் கண்டு கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். நோட்டில் 'விசைப்படகு ஒன்று' என்று எழுதிவிட்டு, பெயர் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டேன். அப்பா என்பதால் விட்டேன்.

பிறகு ஐந்து மைல், பன்னிரண்டு மைல் போய்த் திரும்பினோம். பன்னிரண்டு மைலில் அப்பாவின் படகு இல்லை. பத்து மணிவாக்கில் சிவப்புப் போட்ட இடத்தைத் தாண்டித்தான் கரைக்கு வந்தோம். எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று நான் தலையைக் குனிந்து நோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கடலைப் பார்க்கவில்லை.

பெங்களூர் பஸ்ஸில் போகும்போது அப்பா போன் செய்தார். "மாமா விழுந்துட்டான்மா, பன்னெண்டு மைல்ல" என்றார். அது பொய் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். படகைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து சொல்கிறார், தன் ஆட்களை வைத்துக் கிட்டத்திலும் தேடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் மூன்று தடவை எனக்குப் போன் செய்தீர்கள். மூன்று தடவையும் அழுதேன். அழுதால் நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

கேன் முடிச்சைப் பற்றி நீங்கள் எழுதும்வரை, விழுந்ததுமே போயிருப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது.

சிவப்ரியா


பட்டினச்சேரி
21 ஜூலை 2025

சிவப்ரியாவுக்கு. கடிதம் கிடைத்தது. நான் நலம்.

மூன்று முறை படித்தேன். கரைக்கு வராத ஆமையை எண்ணுவதற்கு உன்னைப் பதினெட்டு வருஷம் படிக்க வைத்தார்கள். கண்ணால் பார்த்த மாமனை எழுத உனக்குக் கை வரவில்லை.

வேறொன்றும் இல்லை.

காசியம்மா


பெங்களூர்
19 ஆகஸ்ட் 2025

அம்மாச்சிக்கு வணக்கம். நலம் என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பிக்கொள்கிறேன்.

நீங்கள் பஞ்சாயத்தைக் கூட்டுவதைத் தடுக்கமாட்டேன். என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். அம்மாவை மட்டும் நினைத்துப் பாருங்கள். அவர் உங்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பிள்ளை.

எங்கள் அறிக்கை மார்கழியில் அச்சாகிறது. அறுபது தேங்காயில் பதினெட்டு வந்தது. கரையில் எண்ணிய ஆமை முப்பத்தொன்று. அந்தக் கணக்குப்படி கடலில் செத்தது நூற்றுக்கு மேல். படகுப் பட்டியலில் அந்த ஒரு கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்து ஹரிஹரன் சார் கேட்டார். பெயர் தெரியவில்லை என்றேன். 'அடையாளம் தெரியாத படகு' என்றே அச்சாகும். இதை உங்களிடம் மறைக்கவேண்டாம் என்று எழுதுகிறேன்.

மழைக்கு முன் கூரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்ரியா


பட்டினச்சேரி
3 அக்டோபர் 2025

சிவப்ரியாவுக்குக் காசியம்மா எழுதுவது. கூரை மாற்றியாயிற்று. முட்டிவலி அப்படியே இருக்கிறது. நீ நன்றாக இருக்கிறாயா என்று உன் அம்மா வழியாகக் கேட்டுக்கொள்வேன், இப்போது அந்த வழி இல்லை. அதனால் நேராகக் கேட்கிறேன்.

புரட்டாசி மூன்றாம் தேதி பஞ்சாயத்துக் கூடியது. உன் கடிதத்தை நானே நின்று படித்தேன். பஞ்சாயத்தார் ஒருவர் நடுவில் கை காட்டினார்.

"அந்தப் பொண்ணும் ஒங்க பேத்திதானே காசியம்மா. அவ பேரு வர்ற பத்திய விட்டுட்டுப் படிங்களேன்."

"அத விட்டுட்டா மீதியில என்ன இருக்கு?" என்று கேட்டேன். முழுதும் படித்தேன்.

உங்கப்பா மறுக்கவில்லை. தலையைத் தூக்காமல் சொன்னார்: "ஏழரைக்கு விழுந்தான். வலைய ஏத்துறதுக்குள்ள அலைல தூரமாப் போயிட்டான். ஒரு கேனத் தூக்கிப் போட்டோம். புடிச்சானான்னு தெரியல. ஒரு மணி நேரம் சுத்தினேன் அத்த, அம்மன் சத்தியமா சுத்தினேன். செத்துட்டான்னு நெனச்சேன். செத்தவனுக்காகப் படகப் பறிகுடுக்கணுமான்னு தோணிருச்சு. வெளிக்கடலுக்கு ஓட்டிட்டேன்."

"செத்துட்டான்னு எப்படிங்க தெரிஞ்சுது மாப்பிள்ள?"

கூட்டத்தில் அன்றைக்குத் தேடப்போன அறுபது படகு ஆட்களும் இருந்தார்கள். ஒருவர் இருமினார். அதுதான் கேட்டது.

அடுத்த தடைக்காலம் முடியும்வரை அவர் படகு கடலுக்குப் போகக்கூடாது, இந்த ஊரில் அவருக்கு யாரும் ஆளாகப் போகக்கூடாது என்று தீர்ப்பு. எனக்கு அது போதுமா என்று கேட்டார்கள். போதாது என்றேன். அதற்கு மேல் அவர்களிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் உன் அம்மா வந்தாள். வாசற்படி ஏறவில்லை.

"தம்பி போனான்னு என் குடித்தனத்தையும் சேத்து அனுப்பிட்டல்ல."

"உள்ள வா சொர்ணம்."

"எம்பொண்ணு எழுதுன கடுதாசிய ஊருக்குப் படிச்சிக் காட்டிட்டு என்ன உள்ள கூப்பிடுறியா?"

"அவன் ஏழரைக்கு விழுந்தான். எப்ப செத்தான்? ஒம்புருசன் சொன்னா வந்து சொல்லு."

போய்விட்டாள். திருநள்ளாற்றில் வீடு பார்த்துக் குடி மாறிவிட்டார்கள். அவள் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பிடிவாதம் என்னிடமிருந்து போனதுதான். பஞ்சாயத்துக்குப் போகும் முன்பே இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

இனி உனக்குச் சொல்வது. உங்கள் அறிக்கை இன்னும் அச்சாகவில்லை. அடையாளம் தெரியாத படகு என்று ஒன்று அந்தக் கடலில் இல்லை. நோட்டை எடு. நான் சொல்வதை எழுது.

தேதி 21 ஜனவரி. மணி ஆறு நாற்பது. காரைக்கால்மேட்டுக்கு நேர் கிழக்கே இரண்டு மைல். இழுவலை இழுத்துக்கொண்டிருந்தது. அணியத்தில் நின்றவன் மருதையன், வயது நாற்பத்தொன்று, உயிரோடு இருந்தான், கை ஆட்டினான். இதற்கு உங்கள் நோட்டில் கட்டம் இல்லையென்றால் ஓரத்தில் எழுது.

பார்த்தவர் பெயர் சிவப்ரியா.

படகின் பெயர் சிவப்ரியா. உங்கப்பா ஆசையாக வைத்த பெயர், நீலத்தில் எழுதியிருக்கும், நீ அன்றைக்கு அதைப் படித்தாய். ஒரே பெயரை இரண்டு கட்டத்தில் எழுதவேண்டியிருக்கிறதே என்று பேனாவை எடுத்துவிடாதே.

எழுதி, உங்கள் சாரிடம் காட்டி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. அது வரும்வரை இந்த வாசலுக்கு வராதே. வந்தால் தண்ணீர் கொடுக்கமாட்டேன்.

காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்.

காசியம்மா